இட், ஈகோ, சூப்பர் ஈகோ: ஒரு பாகப்பிரிவினையை வைத்து ஃப்ராய்டைப் படிக்கும் வழிகாட்டி

பி.எட். படிப்பவர்களும் டெட், டிஆர்பி தேர்வுக்குத் தயாராகிறவர்களும் எப்படியும் ஒரு தடவை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டைக் கடந்துதான் போகவேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊர்ப் பயிற்சி மையத்து நோட்ஸை எடுத்தாலும் அவருக்கு அரைப்பக்கம்தான். இட் என்றால் இன்பம், ஈகோ என்றால் எதார்த்தம், சூப்பர் ஈகோ என்றால் மனசாட்சி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடலாம். மறுநாள் யாராவது "சரி, அதை வைத்து என்ன புரிந்தது?" என்று கேட்டால்தான் முழிக்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் கோளாறு வரிசையில் இருக்கிறது. நோட்ஸ் அந்த மூன்று பெயர்களில் ஆரம்பிக்கிறது. ஃப்ராய்ட் அங்கே ஆரம்பிக்கவில்லை. 1880-களின் நடுவில் வியன்னாவில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியவர், 1923-ல்தான் அந்த மூன்றையும் சேர்த்து ஒரு அமைப்பாகச் சொன்னார். அவர் ஆரம்பித்தது மோதலில். ஒருவர் ஒன்றை விரும்புகிறார், அதை விரும்பவே கூடாது என்றும் அவருக்குள் இருக்கிறது, இந்த இழுபறி நடப்பதே அவருக்குத் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற சொற்கள் ஒவ்வொன்றும் எதற்கு வந்தன என்பது விளங்கும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

முதல் படி: ஒரு மோதலை எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரு கற்பனை வீடு. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குத் தலைத்திவசம் முடிந்துவிட்டது. இரண்டு மகன்கள். மூத்தவர் ஊரிலேயே இருந்து குறுவையும் சம்பாவும் பார்த்தவர். தம்பியைப் படிக்க வைத்தவரும் அவர்தான். இளையவர் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியர். நிலத்தைப் பாகம் பிரிக்கவேண்டும். ஒரு துண்டு வாய்க்காலின் தலைமடையில் இருக்கிறது, இன்னொன்று கடைமடையில். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதியே தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்காரர் எத்தனை நாள் வரப்பில் நின்று காத்திருப்பார் என்பது டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தலைமடை அண்ணனுக்கு, கடைமடை தம்பிக்கு என்று பேச்சு. "அண்ணன் சொன்னால் சரிதான்" என்று இளையவரும் தலையாட்டிவிட்டார்.

பத்திரப் பதிவுக்கு டோக்கன் போட்ட நாளில் ஆதார் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து நிற்கிறார். அடுத்த தடவை தேதியையே மறந்துவிடுகிறார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் வருகைப்பதிவைத் தவறவிடாத மனிதர் இவர். இந்த மறதியைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தெரியாமல் நடப்பது என்றால் என்ன

வியன்னாவில் யோசஃப் ப்ராயர் என்று ஒரு மருத்துவர். ஃப்ராய்டைவிட மூத்தவர், அவருக்கு நண்பர். 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண்ணுக்கு அவர் சிகிச்சை கொடுத்தார். நூல்களில் அந்தப் பெண்ணின் பெயர் 'ஆனா ஓ'. தாகம் வாட்டினாலும் அவளால் தம்ளரை வாயில் வைத்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. ஒருநாள் அறிதுயில் போன்ற நிலையில் பேசும்போது, வீட்டில் இருந்த பெண்மணியின் நாய் தம்ளரில் வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்ததும், மரியாதைக்காக அப்போது ஒன்றும் சொல்லாமல் அருவருப்பை விழுங்கியதும் வெளியே வந்தது. சொல்லி முடித்த கையோடு தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பேசியே குணமாகும் இந்த முறைக்கு அவளே ஒரு பெயரும் வைத்தாள்.

இந்தக் கதையை அற்புதம்போலச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நடந்தது அப்படி இல்லை. ப்ராயர் சிகிச்சையை நிறுத்திய பிறகும் அந்தப் பெண் மருத்துவ விடுதியில் தங்கவேண்டியிருந்தது. பின்னாளில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற சொந்தப் பெயரில் ஜெர்மனியில் பெண்களுக்காக உழைத்த பெரிய சமூக சேவகியானார்; அது வேறு கதை. ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து 1895-ல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகளில் இந்த வழக்குதான் முதலில் வருகிறது.

அதிலிருந்து ஃப்ராய்ட் எடுத்துக்கொண்டது இதுதான்: மறந்துபோன ஒன்று அழிந்துபோவதில்லை. உள்ளே இருந்துகொண்டு வேலை பார்க்கிறது. அதை உள்ளே வைத்திருக்க மனம் சக்தி செலவழிக்கிறது. அதற்குத்தான் ஒடுக்குதல் என்று பெயர். இப்போது நினைவில் இல்லாவிட்டாலும் கேட்டால் வந்துவிடுவது, உதாரணமாக உங்கள் பழைய வீட்டுக் கதவு எண், நனவடி மனத்தில் இருப்பது. எவ்வளவு கேட்டாலும் வராமல், வராதபடி தடுக்கப்பட்டிருப்பது நனவிலி.

அது எப்படித்தான் எட்டிப் பார்க்கும்? கனவில், நோய்க்குறியில், வாய் தவறிய சொல்லில், மறதியில். அன்றாட மறதிகளுக்கும் நாப்பிழைகளுக்கும் 1901-ல் ஃப்ராய்ட் தனியாகவே ஒரு நூல் எழுதினார். நம் ஆசிரியரின் ஆதார் அட்டை அந்த நூலில் போய் உட்காரக்கூடிய சமாசாரம். கையெழுத்துப் போட மனமில்லை, மனமில்லை என்று சொல்லவும் முடியவில்லை. மறதி அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்.

மூன்றாம் படி: மூன்று தரப்புகளைப் பிரித்துப் பாருங்கள்

இப்போதுதான் அந்த மூன்று பெயர்கள்.

இட் என்பது பிறக்கும்போதே இருப்பது. பசி, காமம், கோபம், வேண்டும் என்கிற வேகம் எல்லாம் அங்கே. அதற்குத் தர்க்கம் கிடையாது. ஒரே ஆளை நேசிப்பதும் அவர் ஒழிந்துபோகட்டும் என்று நினைப்பதும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒன்றை ஒன்று தடுக்காது. இன்னொன்று பலரும் கவனிக்காதது: இட்டுக்குக் காலம் கிடையாது. ஏழு வயதில் அண்ணனுக்கு மட்டும் சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோது வந்த எரிச்சல், நாற்பது வயதிலும் அங்கே அதே சூட்டில் இருக்கலாம் என்பது ஃப்ராய்டின் கருத்து. நம் ஆசிரியரின் இட் சொல்வது ஒரே வரி: தலைமடை எனக்கு வேண்டும்.

சூப்பர் ஈகோ ஐந்தாறு வயதுவாக்கில் உருவாகி வருவது. பெற்றோரின் கண்டிப்பு உள்ளே போய்க் குடியேறிவிடுகிறது. செய்யாதே என்று தடுப்பது ஒரு பக்கம். இப்படி இருக்கவேண்டும் என்று ஓர் இலட்சிய உருவத்தைக் காட்டி அளந்துகொண்டே இருப்பது இன்னொரு பக்கம். 1933-ல் ஃப்ராய்ட் இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். குழந்தையின் சூப்பர் ஈகோ பெற்றோர் நடந்துகொள்வதைப் பார்த்து உருவாவதில்லை, பெற்றோரின் சூப்பர் ஈகோவைப் பார்த்து உருவாகிறது. தாத்தாவின் கண்டிப்பு அப்பா வழியாகப் பேரனுக்கு வருகிறது. அப்பா செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளைக்குக்கூட மனசாட்சி கடுமையாக இருப்பதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நம் ஆசிரியருக்கு உள்ளே கேட்கிற குரல்: "படிக்க வைத்தவரிடமே பங்கு கேட்பாயா?"

இன்னும் ஒன்று. சூப்பர் ஈகோ செய்த தப்புக்கு மட்டும் தண்டிப்பதில்லை, நினைத்ததற்கும் தண்டிக்கிறது. அதனால் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறாரோ அவ்வளவு கடுமையாக அது அவரைக் குத்தும். ஒரு தப்பும் செய்யாத மனிதர்கள் குற்றவுணர்வில் உருகுவதை 1930-ல் ஃப்ராய்ட் இப்படித்தான் விளக்கினார். அவருடைய மொத்தக் கோட்பாட்டில் எனக்கு மிகவும் உறைத்த இடம் இது.

ஈகோ இட்டிலிருந்தே பிரிந்து வளர்வது. வெளியுலகத்தைப் பார்ப்பது, யோசிப்பது, தள்ளிப்போடுவது எல்லாம் அதன் வேலை. இட் குதிரை, ஈகோ சவாரி செய்பவர் என்றார் ஃப்ராய்ட். அதோடு சேர்த்து அவர் சொன்னது நோட்ஸில் வருவதில்லை: குதிரை போக நினைத்த பக்கமே அதை ஓட்டிவிட்டு, தான் ஓட்டியதாக நினைத்துக்கொள்ளும் நிலைமை சவாரிக்காரருக்குப் பல சமயம் வரும்.

அப்புறம், மனதைக் கடலில் மிதக்கும் பனிமலையாக வரைந்து பாடநூல்களில் போடும் அந்தப் படம். தண்ணீருக்கு மேலே நனவு, கீழே நனவிலி என்று கோடு போட்டு, மேலே ஈகோ, அடியில் இட் என்று எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "ஈகோ என்றால் நனவு, இட் என்றால் நனவிலி" என்று எழுதினால் தப்பு. 1923-ல் நனவு, நனவடி, நனவிலி என்ற பழைய வரைபடம் போதாது என்று ஃப்ராய்ட் முடிவெடுத்ததற்குக் காரணமே இதுதான். சிகிச்சையில் நோயாளி உண்மை வெளியே வராமல் எதிர்க்கிறார்; எதிர்ப்பது அவருடைய ஈகோ; ஆனால் தான் எதிர்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் ஈகோவிலும் ஒரு பெரிய பகுதி நனவிலியாக இருக்கிறது. சூப்பர் ஈகோவிலும் அப்படித்தான். தேர்வுத்தாளில் இதை ஒரு வரி எழுதினாலே, புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

மூன்றும் மூளைக்குள் மூன்று அறைகளும் இல்லை, மூன்று ஆட்களும் இல்லை. ஒரே ஆள் தனக்குள் இழுபடும்போது எந்தப் பக்கம் எதைச் சொல்கிறது என்று அடையாளம் காணத்தான் அந்தப் பெயர்கள்.

நான்காம் படி: பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

ஈகோவுக்கு மூன்று எசமானர்கள்: வெளியுலகம், இட், சூப்பர் ஈகோ. மூன்று பக்கமிருந்தும் பதற்றம் வரும்.

வெளியுலகத்திலிருந்து வருவது எதார்த்தப் பதற்றம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே போய்விடுமோ, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஃப்ராய்ட் தேவையில்லை, தார்ப்பாய்தான் தேவை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னந்தோப்பைப் பறிகொடுத்தவரின் கலக்கத்துக்குக் குழந்தைப் பருவத்தில் போய்க் காரணம் தேடுவது அபத்தம். முதலில் இதைப் பிரித்துத் தள்ளி வைத்துவிடவேண்டும்.

தன் ஆசை தன்னை மீறிவிடுமோ என்ற பயம் நரம்பியப் பதற்றம். சூப்பர் ஈகோ கடிந்துகொள்ளும் என்ற பயம் ஒழுக்கப் பதற்றம். குற்றவுணர்வு இதைச் சேர்ந்தது. நம் ஆசிரியருக்கு இந்த இரண்டும் கலந்து இருக்கின்றன. 1926-ல் ஃப்ராய்ட் தன் பழைய கருத்தையே திருப்பிப் போட்டார். ஒடுக்குவதால் பதற்றம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பதற்றம்தான் முதலில், அது ஓர் எச்சரிக்கை மணி, அது அடித்த பிறகுதான் ஈகோ ஒடுக்குகிறது என்றார்.

ஐந்தாம் படி: தற்காப்பு நடத்தைகளை ஒரே ஆளில் தேடுங்கள்

மணி அடித்ததும் ஈகோ செய்கிற தந்திரங்களுக்குத் தற்காப்பு நடத்தைகள் என்று பெயர். இவற்றைத் தொகுத்து ஒழுங்குபடுத்தி 1936-ல் நூலாக்கியவர் ஃப்ராய்டின் மகள் ஆனா ஃப்ராய்ட். வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி உதாரணம் கொடுப்பார்கள், அதனால்தான் ஒன்றுக்கு எழுதவேண்டியதை இன்னொன்றுக்கு எழுதிவிட்டு வருகிறோம். எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது.

தலைமடை வேண்டும் என்ற ஆசை தனக்கு இருந்ததே ஆசிரியருக்குத் தெரியவில்லை. யாராவது கேட்டால் உண்மையாகவே "எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லையே" என்பார். பொய் சொல்லவில்லை. இது ஒடுக்குதல். தெரிந்தே "இப்போது அதை நினைக்கவேண்டாம்" என்று தள்ளி வைப்பது இதில் சேராது. அதில் நனவு கலந்திருக்கிறது.

"வாத்தியார் வேலை பார்க்கிறவனுக்கு நிலம் எதற்கு? ஆள் கிடைப்பதில்லை, உரம் விற்கிற விலையில் கட்டுப்படியாகுமா?" என்கிறார். சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர் பேசாமல் இருந்ததற்கு அது காரணம் இல்லை. காரணம் கற்பித்தலில் பொய்யான காரணம் வரவேண்டும் என்று கட்டாயமில்லை, அதனாலேயே பிடிப்பது கஷ்டம்.

"அண்ணனுக்கு என்மேல் பொறாமை. நான் படித்துவிட்டேன் என்று." இது புறத்தெறிதல். பொறாமை இருப்பது தம்பியிடம். அதை வெளியே எறிந்து அண்ணன்மேல் ஒட்டவைத்துவிடுகிறார். இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது, அண்ணனுக்கு உண்மையிலேயே பொறாமை இருக்கவும் கூடும். புறத்தெறிதலுக்குப் பெரும்பாலும் எதிரில் ஒரு சின்னக் கொக்கி கிடைத்துவிடும், சும்மா காற்றில் தொங்காது.

தீபாவளிக்கு அண்ணனுக்கு வேட்டி எடுப்பது சரி. இந்த வருடம் வேட்டி, சட்டை, அண்ணிக்குப் பட்டு, பிள்ளைகளுக்கு மோதிரம் என்று கடன் வாங்கிச் செய்கிறார். பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை "அண்ணன், அண்ணன்". உள்ளே இருப்பதற்கு நேர் எதிரானதை மிகையாகக் காட்டும் எதிர்வினையாக்கம் இப்படித்தான் இருக்கும். அளவு மீறுவதும் விட்டுக்கொடுக்க முடியாத பிடிவாதமும் அதன் அடையாளம். அன்புள்ள எல்லாச் சீர்வரிசையையும் இப்படிச் சந்தேகப்பட ஆரம்பித்தால் நமக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பள்ளியில் ஒரு பையன் பக்கத்துப் பையனின் பேனாவை எடுத்துவிட்டான் என்று கண்மண் தெரியாமல் கத்துகிறார். அண்ணன்மேல் உள்ள கோபம் பையன்மேல் இறங்குகிறது, அது இடமாற்றம். ஊருக்குப் போனால் அம்மா பரிமாறும்போது "எனக்குச் சோறு வேண்டாம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது பின்னோக்கம், பத்து வயதுக்கு இறங்கிப் போவது. ஊர்ப் பாசனச் சங்கத்தில் சேர்ந்து, முறைத்தண்ணீர் கடைமடைவரை ஒழுங்காகப் போகவேண்டும் என்று அதிகாரிகளிடம் மனுவோடு அலைந்தால் அது உயர்மடைமாற்றம். தனக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்ற கோபமே ஊருக்கு உபயோகமான வேலையாகிவிட்டது. ஃப்ராய்டின் கணக்கில் நாகரிகம் கட்டப்பட்டதே இப்படித்தான்.

இந்த நடத்தைகள் நோய் இல்லை. எல்லோரிடமும் உண்டு. ஒன்றையே பிடித்துக்கொண்டு, எந்நேரமும், எங்கேயும் அதையே செய்தால்தான் தொல்லை.

ஆறாம் படி: குழந்தைப் பருவத்துக்குப் போங்கள், கண்ணைத் திறந்துகொண்டு

வாய், குதம், லிங்கம், மறைநிலை, இனப்பெருக்க நிலை என்ற ஐந்து வளர்ச்சிப் பருவங்களும் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். அவற்றுக்கு அடித்தளம் 1905-ல் ஃப்ராய்ட் எழுதிய மூன்று கட்டுரைகள். இங்கே அதற்கு மேல் நேரம் செலவழிக்கவில்லை. நிற்கவேண்டிய இடம் இடிபஸ் சிக்கல். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பையனுக்கு அம்மா தனக்கு மட்டும் வேண்டும், அப்பா போட்டியாள், அவரிடம் பயம். அந்தப் பயத்தில் ஆசையை விட்டு, அப்பாவைப் போலவே தானும் ஆக முயல்கிறான். சூப்பர் ஈகோ பிறப்பது அங்கேதான் என்பது கோட்பாடு.

இதற்கு ஃப்ராய்ட் காட்டிய வழக்கு 1909-ல் வந்த 'குட்டி ஹான்ஸ்'. ஐந்து வயதுப் பையன், குதிரை கடித்துவிடும் என்று பயந்து தெருவுக்கே போகமாட்டான். அப்பாவிடம் உள்ள பயம் குதிரைமேல் இடம் மாறியது என்றார் ஃப்ராய்ட். ஆனால் சிகிச்சையின்போது பையனை அவர் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் அப்பா எழுதி அனுப்பிய குறிப்புகள். வண்டிக்குதிரை ஒன்று நடுத்தெருவில் விழுந்ததைப் பையன் பார்த்திருக்கிறான். அதுவே பயத்துக்குப் போதுமே என்று 1960-ல் வோல்பே, ராக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. பையன் வளர்ந்து ஹெர்பர்ட் கிராஃப் என்ற ஓபரா இயக்குநர் ஆனார்.

இடிபஸ் எல்லா ஊருக்கும் ஒன்றுதானா? பசிபிக்கில் உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் பிள்ளைகளைக் கண்டிப்பவர் தாய்மாமன், அப்பா செல்லம் கொடுப்பவர். பகை அப்பாமேல் இல்லை, மாமன்மேல் என்று 1927-ல் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி எழுதினார். நம் பக்கம் மாமன் மடி காதுகுத்துக்கும் சீருக்கும் உரியது. கண்டிப்பு தாத்தா, அப்பா, பெரியப்பா, மூத்த அண்ணன் என்று பலரிடம் பங்காகிக் கிடக்கிறது. கல்கத்தாவில் 1922-லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், தன் இந்திய நோயாளிகளிடம் விதையடிப்பு அச்சம் (அப்பா தன் ஆணுறுப்பை அறுத்துவிடுவார் என்று பையனுக்கு வரும் பயம்) ஐரோப்பியர்களிடம் இருக்கும் அளவுக்குத் தெரியவில்லை என்று ஃப்ராய்டுக்கே கடிதம் எழுதினார். ஃப்ராய்ட் மரியாதையாகப் பதில் போட்டார், கோட்பாட்டை மாற்றவில்லை. 1931-ல் அவருடைய 75-ஆவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போயிற்று. அது அவர் மேசையில் இருந்தது.

நம் வீட்டில் அண்ணன் தகப்பன் ஸ்தானம். அப்படியென்றால் அப்பாவிடம் காட்டமுடியாத கோபம் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆசிரியருக்கு ஒரு கனவு வருவதாக வைத்துக்கொள்வோம்: மணவறையில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், முகம் மட்டும் அப்பாவின் முகம். இரண்டு பேரை ஒரே உருவத்தில் அடைப்பதைக் கனவின் செறிவாக்கம் என்று 1900 என்று ஆண்டு அச்சிட்டு வந்த கனவு நூலில் ஃப்ராய்ட் விளக்கியிருக்கிறார்.

ஏழாம் படி: உங்கள் விளக்கத்தையே சந்தேகப்படுங்கள்

இவ்வளவு தூரம் வந்தபின் ஒரு கேள்வி. ஆசிரியர் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக் களைத்துப்போய் ஆதாரை மறந்திருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஒரு மறதியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஃப்ராய்டின் முறைப்படிகூட, அர்த்தம் சொல்லவேண்டியது நாம் இல்லை. அவரே மனதில் வருவதை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே போகவேண்டும். அந்தச் சங்கிலி எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்கவேண்டும். நான் மேலே செய்ததெல்லாம் கற்பனை ஆள் என்பதால் எடுத்துக்கொண்ட சலுகை.

இதைவிடக் கடினமான கேள்வி அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பருடையது. ஒருவர் குழந்தையைத் தண்ணீரில் தள்ளுகிறார், இன்னொருவர் குதித்துக் காப்பாற்றுகிறார். முதல் ஆளுக்கு ஒடுக்கம், இரண்டாம் ஆளுக்கு உயர்மடைமாற்றம் என்று ஃப்ராய்டியர் இரண்டையும் விளக்கிவிடுவார். எது நடந்தாலும் பொருந்துகிற கோட்பாட்டை எப்படிப் பொய்யாக்கிப் பார்ப்பது? தலைமடை கேட்டாலும் ஆசை, கேட்காவிட்டாலும் எதிர்வினையாக்கம் என்றால் வாதமே முடிந்துபோகிறது. இதற்கு முழுத் திருப்தியான பதிலை நான் பார்த்ததில்லை. மனத்தில் பெரும்பகுதி நமக்குத் தெரியாமல் நடக்கிறது என்பது இன்றைய உளவியலிலும் நிற்கிறது. பருவங்களும் இடிபஸும் அவர் சொன்ன வடிவத்தில் ஆதாரத்தோடு நிற்கவில்லை.

எட்டாம் படி: அடுத்து என்ன வாசிப்பது, எங்கே நிறுத்துவது

1916-17-ல் வந்த ஃப்ராய்டின் அறிமுக விரிவுரைகளில் தொடங்குங்கள். மொத்தம் 28. முதல் நான்கு நாப்பிழைகளையும் மறதிகளையும் பற்றியவை, முன்னறிவு எதுவும் வேண்டாம். அடுத்து 15 வரை கனவு. பிறகு நேராக 1933-ல் வந்த புதிய விரிவுரைகளில் 31-ஆவதுக்குத் தாவிவிடுங்கள். ஆளுமை அமைப்பு முழுவதும், மூன்று எசமானர்கள் உட்பட, அவர் வரைந்த முட்டை வடிவப் படத்தோடு அங்கே இருக்கிறது. அந்த மூன்றையும் முதலில் சொன்ன 1923-ஆம் வருட நூலை முதலில் எடுத்தால் பலரும் பாதியில் கீழே வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஆனா ஃப்ராய்ட், எரிக் எரிக்சனின் எட்டுப் பருவங்கள், இந்தியக் குடும்பத்தைப் பற்றி உளப்பகுப்பாய்வாளர் சுதீர் கக்கர் எழுதியவை.

வாசிக்கிற காலத்தில் வீட்டில் உள்ளவர்களைப் பகுத்தாய்வு செய்யாதீர்கள். "நீ புறத்தெறிதல் செய்கிறாய்" என்று மைத்துனரிடம் சொல்லிப் பாருங்கள், பாகப்பிரிவினை இல்லாத வீட்டிலும் பாகப்பிரிவினை வந்துவிடும். தூக்கம் போய், சாப்பாடு போய், உயிர்மேல் வெறுப்பு வந்த நிலையில் இருப்பவருக்கு இந்தச் சொற்கள் எதுவும் உதவாது. மனநோய் தீர வேண்டிக்கொண்டு குணசீலம் கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும். அதோடு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் கூட்டிப்போங்கள். உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.